மொட்டைமாடிக் குடில் வழக்கு

பெய்சுல்லா: ஒருத்தர் பேசினப்புறம் ஒருத்தர்! நான் நீதிபதி காஜியோட எழுத்தரா, இல்லை உங்க சண்டையை விலக்கி விடறவனா? அம்மா, நீதானே வழக்குக் கொண்டு வந்தது? பேரு?

ஜோயா: ஜோயா. சாயக்காரர் அவ்ராமோட பொண்டாட்டி. இந்த மனீசா ஊர்ல, யூதத் தெருவில கடைசிக்கு முந்தின வீடு.

ஹஸ்தாய்: வீட்டை எதுக்குச் சொல்றே? உன் சத்தத்தைப் பிடிச்சுக்கிட்டே வந்துடலாமே.

ஜோயா: பாருங்க எஃபெந்தி ஐயா! காஜி வாசல்லயே இந்தக் கிழவன் பேசற பேச்சை!

பெய்சுல்லா: விடும்மா. பெரியவரே, உங்க பேரு?

ஹஸ்தாய்: ஹஸ்தாய். பஞ்சு அடிக்கிறவன். பக்கத்து வீடு... என்ன எழுதறே?

பெய்சுல்லா: உங்க பேரைத்தான்.

ஹஸ்தாய்: என் பேரு அவ்வளவு நீளமா? படிச்சுக் காட்டு.

பெய்சுல்லா: "மூசாவின் மகன் ஹஸ்தாய், யூதர், பஞ்சு அடிப்பவர்." போதுமா?

ஹஸ்தாய்: ம்... எழுத்துத் தெரியாதவன்னு நடுவில எதையும் சொருகிடாதே.

பெய்சுல்லா: கடவுளே... அம்மா, உன் குறை என்ன?

ஜோயா: குடில்தான்! எங்க யூதச் சனத்துக் கூடாரப் பண்டிகை வந்துட்டா போதும், இவன் மொட்டைமாடியில நாலு கழியை நட்டு, மேல தழையைப் போட்டு, குடும்பத்தோட ஏறி உக்காந்துக்கறான். பண்டிகை முடியற வரைக்கும் சாப்பாடு அங்கே, பாட்டு அங்கே. தழையெல்லாம் என் முற்றத்தில விழுது. மேலேருந்து எட்டிப் பார்த்தா என் முற்றமே தெரியுது! வர்ற வாரம் பண்டிகை. போடக்கூடாதுன்னு சொல்லுங்க.

ஹஸ்தாய்: உன் முற்றத்தில பார்க்க என்ன இருக்கு? ஒரு நொண்டிக் கோழி.

ஜோயா: கோழியை இழுக்காதே!

பெய்சுல்லா: ரெண்டு பேரும் வாயை மூடுங்க! கேள்வி ஒண்ணுதான். குடில் புதுசா, பழசா? புதுசுன்னா காஜி பிரிக்கச் சொல்லிடுவார். பழைய காலத்துலேருந்து இருக்குன்னா எவனும் தொட முடியாது.

ஹஸ்தாய்: பழசு. என் தாத்தா போட்டார். அப்பா போட்டார். நான் போடறேன்.

பெய்சுல்லா: சாட்சி?

ஹஸ்தாய்: உள்ளே காஜிகிட்டே சொல்லிட்டிருக்காங்க. ஒருத்தர் தண்ணி சுமக்கிற வெலி. இன்னொருத்தர் உங்க பள்ளிவாசல்ல பாங்கு சொல்றவர். அவரு கோபுரத்துல ஏறினா முதல்ல கண்ணுல படறதே என் குடில்தான். சின்ன வயசுலேருந்து பார்க்கறார்.

பெய்சுல்லா: நல்ல சாட்சிதான்... ஆனா தீர்ப்புக்கு முன்னாடி சமாதானம் பேசிப் பார்க்கணும். பக்கத்துப் பக்கத்து வீடு, நாளைக்கும் முகத்துல முழிக்கணுமே. நான் ஒண்ணு சொல்றேன். பெரியவரே, உங்க மாடியில ஓடு போட்ட தாழ்வாரம் இருக்கில்லே? குடிலை அதுக்கடியில தள்ளிப் போட்டுக்குங்க. முற்றமும் தெரியாது, தழையும் விழாது.

ஹஸ்தாய்: முடியாது!

ஜோயா: அய்யய்யோ, கூடாது! மேல ஓடு இருந்தா அது குடிலே இல்லை! தழை நடுவில வானம் தெரியணும், ராத்திரி நட்சத்திரம் தெரியணும். இல்லைன்னா பண்டிகையே...

பெய்சுல்லா: ம்?

ஜோயா: ...ஒண்ணுமில்லை.

பெய்சுல்லா: அம்மா, நீ யார் பக்கம்?

ஜோயா: என் பக்கம்தான்.

பெய்சுல்லா: குடிலைப் பிரிக்கணும்னு வந்தவளுக்கு, அது முறைப்படி இருக்கணும்னு என்ன அக்கறை?

ஹஸ்தாய்: வாயை அடக்குன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேனே...

ஜோயா: நீ மட்டும் கத்தலையாண்ணே?

பெய்சுல்லா: அண்ணனா! இவ்வளவு நேரம் கிழவனாத்தானே இருந்தாரு? உள்ளே போய், "ஐயா, இது பொய் வழக்கு"ன்னு நான் சொன்னா என்ன ஆகும் தெரியுமா? வழக்கும் போகும், குடிலும் போகும்.

ஹஸ்தாய்: போய்ச் சொல்லு. உன்னை நம்பியா வந்தேன்?

பெய்சுல்லா: சாட்சியும் பொய்யா?

ஹஸ்தாய்: பாங்கு சொல்றவரு பொய் சொல்லுவாரா? குடில் நிஜம். தாத்தா நிஜம். சண்டை மட்டும்தான் பொய்.

பெய்சுல்லா: எதுக்கு இந்தக் கூத்து?

ஹஸ்தாய்: பின்வீட்டை ஒரு சோப்பு வியாபாரி வாங்கியிருக்கான். ஊருக்குப் புதுசு. "யூதன் மாடியில புதுசா வீடு கட்டறான், பண்டிகைக்குள்ள பிடுங்கி எறியறேன்"னு குதிக்கிறான். போன வாரம் உன்கிட்டே வந்தேன். பழசுன்னு ஒரு காகிதம் எழுதிக் குடுன்னு கேட்டேன். நீ தலையைக்கூட நிமிர்த்தலை. என்ன சொன்னே?

பெய்சுல்லா: ...வழக்கு இல்லாம தீர்ப்பு எழுத முடியாதுன்னு சொல்லியிருப்பேன்.

ஹஸ்தாய்: அதான், வழக்கோட வந்திருக்கேன்.

ஜோயா: தெருவில யாருக்குச் சத்தம் பெரிசுன்னு யோசிச்சாங்க எஃபெந்தி. ரொம்ப நேரம் யோசிக்கலை.

பெய்சுல்லா: சிரிக்காதேம்மா, எனக்கும் வந்துடும்... இங்கேயே இருங்க. உள்ளே போயிட்டு வரேன்.

ஹஸ்தாய்: காட்டிக் குடுக்கவா?

பெய்சுல்லா: முத்திரை வாங்க. வாசல்ல சேவகன் நிக்கிறான், நான் வர்ற வரைக்கும் சண்டையை நிறுத்தாதீங்க.

ஜோயா: கஞ்சக் கிழவா!

ஹஸ்தாய்: கோழிக்காரி!

ஜோயா: தழை பொறுக்கி!

ஹஸ்தாய்: ...ஏம்மா, அவன் வரலைன்னா?

ஜோயா: வருவாருண்ணே. நல்ல முகம்.

ஹஸ்தாய்: எழுதத் தெரிஞ்சவனுக்கு முகம் எப்பவும் நல்லாத்தான் இருக்கும்.

ஜோயா: உன்னை மாதிரி சந்தேகப்பட்டா தூக்கம் எப்படி வருது?

ஹஸ்தாய்: வரலை. பத்து நாளா வரலை. இந்த வருஷம் அந்த மாடி வெறிச்சுன்னு கிடந்தா நான் எந்த மூஞ்சியோட... ஸ்ஸ், வரான். கத்து.

ஜோயா: நாசமாப் போற குடிலு!

பெய்சுல்லா: போதும், போதும். இந்தாங்க. "மாடியில் போடப்படும் பண்டிகைக் குடில் பழைய காலத்திலிருந்து இருந்து வருவது. எவரும் தடுக்கலாகாது." காஜியோட முத்திரை.

ஹஸ்தாய்: இன்னொரு தரம் படி.

பெய்சுல்லா: "...எவரும் தடுக்கலாகாது."

ஹஸ்தாய்: எவரும்னா சோப்புக்காரனும் சேர்த்தியா?

பெய்சுல்லா: அவனும், அவன் பேரனும்.

ஹஸ்தாய்: ம்... எதுக்கும் வேற ஒருத்தன்கிட்டே குடுத்துப் படிக்கச் சொல்லிப் பார்க்கறேன். கோவிச்சுக்காதே.

பெய்சுல்லா: தாராளமா. ஆனா அம்மா, உன்னை நினைச்சாத்தான் மனசு கேக்கலை. இதே சங்கதி பதிவேட்டிலயும் ஏறிடுச்சு. "பக்கத்து வீட்டு ஜோயா, பண்டிகைக் குடிலைப் பொறுக்காமல் வழக்குத் தொடுத்துத் தோற்றாள்." என்னிக்காவது எவனாவது எடுத்துப் படிப்பான். தன் சனத்துப் பண்டிகையையே கெடுக்கப் பார்த்த பொல்லாதவள்னு உன்னைச் சொல்லுவான். இதுக்கு எப்படிம்மா ஒத்துக்கிட்டே?

ஜோயா: சொல்லிட்டுப் போறான் எஃபெந்தி. எங்க வீட்டுக்கு மாடி கிடையாது. கல்யாணமாகி வந்த வருஷத்துலேருந்து நாங்களும் அந்தக் குடில்லதான் சாப்பிடறோம்.