மானிட்டரை அணைத்த பிறகு

பேட்டி எடுக்கிறவன் கேட்கக்கூடிய மிக மோசமான கேள்வி, "நீங்க எப்படி ராப் பாட வந்தீங்க?" என்பதுதான். நானே அதை ஒன்பது பேரிடம் கேட்டிருக்கிறேன். ஒன்பது பேரும் ஒரே பதிலைத்தான் சொன்னார்கள். சின்ன வயதிலிருந்தே பாட்டு பிடிக்கும், நண்பர்கள் ஊக்கம் கொடுத்தார்கள், அம்மாவுக்கு நன்றி.

முதலிலிருந்து சொல்லச் சொன்னீர்கள், சார். அதனால்தான் அந்தக் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன்.

என் பெயர் கணேஷ்ராம், வயது இருபத்திரண்டு. அப்பா மலைக்கோயில் மடைப்பள்ளியில் இருக்கிறார். பகலில் எனக்கு ஜெராக்ஸ் கடையில் வேலை, மாலையில் சுருக்கெழுத்து வகுப்பு. கை பழகுவதற்காகத் தினமும் ஒரு பக்கம் நாட்குறிப்பு எழுதுங்கள் என்றார் ஆசிரியர். மற்றவர்கள் ஒரு வாரத்தில் விட்டுவிட்டார்கள். என்னால் விட முடியவில்லை. எனக்கு என்மேல் நம்பிக்கை குறைவு. எழுதி வைத்தால்தான் ஒன்று நடந்தது என்றே தோன்றும். உங்கள் மேசையில் இருக்கும் மூன்று நோட்டும் என்னுடையவை. அந்தச் சுருக்கெழுத்துக் கோடுகளை வாசிக்க ஆள் கிடைக்காவிட்டால் நானே வாசித்துக் காட்டுகிறேன்.

என் நண்பன் சைமனுக்கு அரக்கோணம் ரோட்டில் இன்டர்நெட் சென்டர். இந்த வருடப் பொங்கலுக்குப் பிறகு ஒருநாள், வெளிநாட்டில் ராப் பாடகர்களை உட்காரவைத்து ஒரு மணிநேரம் பேசவிட்டு அதை இணையத்தில் போடுகிறார்கள், அதற்குப் பாட்காஸ்ட் என்று பெயர் என்றான். "நம்ம பக்கமும் பசங்க பாடிகினுதானே இருக்கானுங்க. நீ கேளு, நான் ரெக்கார்டு பண்றேன்." ஞாயிற்றுக்கிழமை அவன் சர்ச்சிலிருந்து வந்த பிறகு, சென்டர் மூடியிருக்கும் மதிய நேரத்தில் பதிவு செய்தோம். ஒரு மேசை, ஒரு மைக், ஒரு கம்ப்யூட்டர்.

இணையத்தில் எங்களை யாரும் கேட்கவில்லை. ஆகவே சிடியில் ஏற்றி, கே.ஜி.கண்டிகையில் ரத்தினம்மாள் டீக்கடையில் போடச் சொன்னேன். அந்த அம்மாள் சிடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"பாட்டு இல்லாத சிடி இன்னாத்துக்குப்பா?"

"பேச்சுங்க. பாடறவங்க பேசறாங்க."

"பாடறவன் பாடணும், பேசறவன் பேசணும். சரி, குடு."

நான் ஓரத்து பெஞ்சில் கைக்கடிகாரத்தையும் நோட்டையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். யார் எந்த நிமிடத்தில் எழுந்து போகிறார்கள் என்று குறித்தேன். ஒன்பது சிடிக்கும் அதே முடிவு. ஆறாவது நிமிடத்தில் பெஞ்சு காலி. காரணங்களை எழுதினேன். விருந்தாளியின் நகைச்சுவைக்கு அவன் முடிப்பதற்குள் நான் சிரித்துவிடுகிறேன். பதில் நின்றதும் பயந்துபோய் அடுத்த கேள்வியைப் போட்டு மூடுகிறேன். எழுதி எண்ணிப் பார்த்தால் நூறு வார்த்தைக்கு நாற்பத்தொன்று என்னுடையவை. ரத்தினம்மாள் இவ்வளவு எண்ணவில்லை. "ஏம்பா, நீ வாயத் தொறந்தாத்தான் எல்லாம் எழுந்து கெளம்புறானுங்க" என்றார். அன்று வீட்டுக்கு வந்து, இதை விட்டுவிடலாமா என்று இரண்டு பக்கம் எழுதினேன்.

பத்தாவது பதிவின்போது கரண்ட் போனது. யுபிஎஸ் தாங்கவேண்டுமே என்று சைமன் மானிட்டரை மட்டும் அணைத்தான். கீழே கம்ப்யூட்டர் பெட்டி ஓடிக்கொண்டுதான் இருந்தது. வந்திருந்தவன் அரக்கோணம் ரயில்வே குவார்ட்டர்ஸ் பையன். திரை கறுத்ததும் பதிவு நின்றுவிட்டது என்று நினைத்துக்கொண்டான். மின்விசிறி ஓடாததால் அறையில் சத்தமே இல்லை. டீ வந்தது. அவன் டம்ளரை வாங்கிக்கொண்டு, தன் பாட்டில் வரும் அண்ணன் உண்மையில் எப்படி வீட்டை விட்டுப் போனான் என்று சொல்ல ஆரம்பித்தான். அதுவரை கேட்ட குரலே அல்ல அது.

அந்தச் சிடியைப் போட்ட அன்று, பெஞ்சில் இரண்டு பேர் டீயைக் குடிக்க மறந்துவிட்டார்கள். மேலே பால் ஆடை படிந்துவிட்டது, பிறகு அதை விரலால் வழித்துப் போட்டார்கள். நோட்டில் "ஆடை: 2" என்று எழுதியிருப்பது அதுதான். அன்றிலிருந்து நான் எழுந்து போகிறவர்களை எண்ணவில்லை. ஆடைகளை எண்ணினேன்.

அதன் பிறகு கரண்ட் போகக் காத்திருக்கவில்லை. டீ வந்ததும், "அவ்ளோதான், முடிஞ்சுது" என்று சொல்லி மானிட்டரை அணைப்பேன். விசிறியையும் நிறுத்துவேன். பேட்டி அங்கேதான் தொடங்கும். கேட்கிறவர்களுக்கு வேண்டியது ஒன்றுதான். ராப் பாடுகிறவன் பாட்டில் எல்லாம் நடந்தது என்கிறான். நடந்ததா, இல்லையா? பயப்படுகிறவன் மட்டும்தான் அதற்குச் சரியான பதில் சொல்கிறான்.

கஜபதியைப் பற்றிக் கேட்டீர்கள். பள்ளிப்பட்டுப் பையன், பத்தொன்பது வயது. வீட்டில் விசைத்தறி. தறிச் சத்தத்தையே தாளமாக வைத்து ஒரு வரி தமிழ், ஒரு வரி தெலுங்கு என்று பாடுவான். "பால்கேன்" என்ற அவன் பாட்டு போனுக்குப் போன் புளூடூத்தில் போய்க்கொண்டிருந்தது. விடியற்காலை சைக்கிளில் பால்கேனோடு போகிறவரை ஒரு லாரி இடிக்கிறது. நிற்கிறது. பிறகு ரிவர்ஸில் வருகிறது. போன வருடம் பள்ளிப்பட்டு ரோட்டில் பால்காரர் சாமிநாதன் செத்தது எல்லோருக்கும் தெரியும். அடையாளம் தெரியாத வாகனம் என்று எழுதி மூடியதும் தெரியும். ஆனால் அந்தப் பையன் பார்த்துப் பாடினானா, நினைத்துப் பாடினானா என்று யாரும் அவனிடம் கேட்கவில்லை. அந்த ரோட்டில் ஓடும் மணல் லாரிகள் வேதாசலத்துடையவை, அவரிடம் ஊருக்கே பயம். அதனால் கேட்கவில்லை.

ஆடிக்கிருத்திகை முடிந்த ஞாயிற்றுக்கிழமை வந்தான். காவடிக் கூட்டத்தில் தொலைத்த செருப்புக்குப் பதில் யாருடைய செருப்பையோ போட்டிருந்தான். "முருகனே மாத்திக் குடுத்துட்டாருண்ணா, ஒரு நம்பர் பெருசு" என்றான். சைமனைப் பார்த்த ஐந்தாவது நிமிடமே, தெலுங்கில் மச்சானைக் கூப்பிடுவதுபோல, பாவா என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டான். "எனக்குத் தங்கச்சியே இல்லடா, என்னை எப்படிடா பாவா ஆக்குன?" என்று சைமன் கேட்டதற்கு, "உனுக்கு அக்கா இருக்குதே" என்றான். நன்றாகச் சிரித்தோம்.

முதல் இருபது நிமிடம் பழைய கதைதான். பாட்டைப் பற்றிக் கேட்டேன். "எல்லாம் கற்பனைதாங்கண்ணா." டீ வந்தது. முடிந்தது என்றேன். மானிட்டரை அணைத்தேன்.

"ரிவர்ஸ் வந்துச்சுன்னு பாடறியே," என்றேன். "அது கற்பனையில வராது, கஜா."

அவன் திரையைப் பார்த்தான். "நின்னுச்சாண்ணா?"

"ஆங், நின்னுச்சு."

இந்தப் பேச்சு முழுவதிலும் நான் சொன்ன பொய் அது ஒன்றுதான்.

பதினோரு நிமிடம் பேசினான். நான் ஒரு வார்த்தை பேசவில்லை. அந்தக் கட்டுப்பாட்டை நான் கற்றுக்கொள்ள ஏழு மாதம் ஆனது. "பனைமரத்துக்குப் பின்னாடி ஒதுங்கியிருந்தேங்கண்ணா. இடிச்சுட்டு நின்னுச்சு. வேதாசலத்தோட தம்பி சேட்டுதான் ஓட்டினு வந்தாரு. இறங்கிப் பாத்தாரு. பால்காரர் கை ஆடிச்சு. இவரு திரும்ப ஏறினாரு. ரிவர்ஸ் போட்டா ஒரு மியூசிக் வரும்ல, அது வந்துச்சு. அதக் கேட்டுகினே உக்காந்துகினு இருந்தேன்." அவன் முழங்கால் மேசையில் இடித்துக்கொண்டே இருந்தது. டம்ளர் தட்டில் நடுங்கும் சத்தம் மைக்கில் மிகத் துல்லியமாக விழுந்திருக்கிறது. "எங்க நைனாகிட்டகூட சொல்லல. பாட்டா போட்டா மனசுல இருந்து போயிடும்னு பாத்தேன். போவல. யார்கிட்டயும் சொல்லிடாத பாவா."

சைமன் அவன் தோளில் கை வைத்து, "நான் யார்கிட்டடா சொல்லப்போறேன்" என்றான். பைக்கில் பஸ் நிலையத்துக்கு அழைத்துப் போனான். அவன் திரும்புவதற்குள் நான் பதிவைப் பென் டிரைவில் எடுத்துக்கொண்டேன். திரும்பி வந்தவன் மானிட்டரைப் போட்டான்.

"டேய், எல்லாம் ரெக்கார்டு ஆயிருக்குது."

"ஆங்."

"இத்தயுமா? அழிடா. அவன் உசுருடா இது."

அவன் கண் முன்னாலேயே அழித்தேன். சைமனுக்கு இதில் பங்கு இல்லை. அதை நீங்கள் எழுதிக்கொள்ளலாம்.

பிறகு மூன்று நாள் யோசித்தேன். நோட்டில் இருக்கிறது. முதல் நாள், இது தவறு என்று எழுதியிருக்கிறேன். இரண்டாம் நாள், சாமிநாதன் மனைவிக்கு உண்மை தெரியவேண்டாமா என்று எழுதியிருக்கிறேன். மூன்றாம் நாள், பதிவில் அவன் சொல்லும் லாரி நம்பரை வெட்டினேன். கஜபதியின் பெயரை வெட்டவில்லை. பெயர் இல்லாத குரலை யாரும் நம்புவதில்லை, பாதியில் எழுந்து போய்விடுகிறார்கள். சாமிநாதன் வீடு பள்ளிப்பட்டில் இருக்கிறது. இந்தப் போலீஸ் ஸ்டேஷன் எங்கள் ஜெராக்ஸ் கடையிலிருந்து நடக்கிற தூரம். நான் சிடியை இரண்டு இடத்துக்கும் கொண்டுபோகவில்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். நானும் அதைப் பிறகு கவனித்தேன்.

வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு ரத்தினம்மாள் கடையில் போட்டேன். வேதாசலத்தின் டிரைவர்கள் பத்து மணிக்குத்தான் அங்கே டீ குடிப்பார்கள். எனக்குத் தெரியும், இரண்டாவது நோட்டில் அட்டவணை இருக்கிறது. பெஞ்சில் பதினேழு பேர். ஆறாவது நிமிடம் போனது, யாரும் எழவில்லை. டீக்குப் பிந்தைய பகுதி வந்ததும் ரத்தினம்மாள் அடுப்பைத் தணித்தார். பாலின் சத்தம்கூட நின்றது. ஒரே நிமிடத்தை மூன்று முறை குறித்துவிட்டேன். சந்தோஷம் என்று நினைத்தேன். ஒரு டிரைவர் நடுவில் எழுந்து வெளியே போய் போன் பேசினார். அவரை எழுந்து போனவர் என்று குறித்தேன். ஆனால் திரும்பி வந்து, "அத மறுபடி போடும்மா" என்றார். அந்தக் குறியை அடித்துவிட்டேன். மறுபடி கேட்கவேண்டும் என்று ஒருவர் சொன்னது அதுவே முதல்முறை. ஆடை: 11.

ரத்தினம்மாள் சிடியை எடுத்து என் பையில் அவரே போட்டார். "இனிமே இங்க எதையும் எடுத்தாராத. நீயும் வராத."

ஒன்பதாம் நாள், அடுத்த வெள்ளிக்கிழமை விடியற்காலை, பள்ளிப்பட்டு ரோட்டில் கஜபதி செத்துக் கிடந்தான். அடையாளம் தெரியாத வாகனம். டயர் தடம் இரண்டு முறை ஏறியிருந்ததாகக் கடைக்கு வந்தவர்கள் பேசிக்கொண்டார்கள். காலில் ஒரு நம்பர் பெரிய செருப்பு இருந்ததா என்று நான் கேட்கவில்லை.

அன்றிலிருந்து எனக்குப் பயமாக இருக்கிறது. பஸ் நிலையம் பக்கம் ஒரு வேன் ரிவர்ஸ் எடுக்கும்போது அந்த மியூசிக் வந்தால், கடைக்குள் மெஷினுக்குப் பின்னால் போய் நின்றுகொள்வேன். எங்கள் தெருவில் தண்ணீர் லாரி திரும்பினாலும் அப்படித்தான். சாப்பிட உட்கார்ந்தால் அப்பா என் கையைப் பார்த்துவிட்டு இலையைப் பார்க்கிறார். அவன் பனைமரத்துக்குப் பின்னால் எப்படி உட்கார்ந்திருந்தான் என்று இப்போது புரிகிறது. அவனைப் பேட்டி எடுத்தபோது இது தெரிந்திருந்தால் இன்னும் நல்ல கேள்வி கேட்டிருப்பேன்.

இதுவரை சொன்னது, சிடியைப் போட்டேன் என்பதுதான். சற்று முன்பு நீங்கள் டேப்பை நிறுத்தினீர்கள். போதும்ப்பா, டீ சாப்பிடு என்று அன்பாகச் சொன்னீர்கள். விசிறியையும் நிறுத்தச் சொன்னீர்கள். உங்கள் செல்போன் ஃபைலின் மேல் கவிழ்ந்து கிடக்கிறது. அது ஓடுகிறது என்று எனக்குத் தெரியும், சார். பரவாயில்லை. நான் என்றால் போனை இன்னும் கொஞ்சம் அருகில் வைத்திருப்பேன்.

மீதியை இப்போது சொல்கிறேன். இரண்டாவது முறை கேட்டு முடித்த பிறகு அந்த டிரைவர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். மரியாதையாகத்தான் கேட்டார். "நல்லா பேசறான் தம்பி. எந்தத் தெருப் பையன்?" தெரியாது என்று சொல்லியிருக்கலாம். ஆனால் என் பேட்டியைப் பற்றி ஒருவர் என்னிடம் கேள்வி கேட்டார். ஏழு மாதத்தில் அவர் ஒருவர்தான். பள்ளிப்பட்டில் எந்தத் தெரு, எந்த நிறக் கதவு என்று சொன்னேன். வெள்ளிக்கிழமை விடியற்காலை நூல் எடுக்கச் சைக்கிளில் தனியாகப் போவான் என்றும் சொன்னேன். அதை அவர் கேட்கவில்லை. நானாகச் சொன்னேன். அவர் எழுந்து போய்விடாமல் இன்னும் கொஞ்ச நேரம் உட்காரவேண்டும் என்று இருந்தது.

நோட்டில் இது இல்லை. இதை உங்களிடம் முதலிலேயே சொல்லியிருக்கலாம். முதலில் சொன்னால் மீதியைக் கேட்டிருக்கமாட்டீர்கள். அதனால் டீ வரட்டும் என்று வைத்திருந்தேன். சரியாகத்தான் வைத்திருக்கிறேன் என்று நினைக்கிறேன். உங்கள் டீயில் ஆடை படிந்துவிட்டது, சார்.