பேசாத பாகத்தைக் கழற்றியவர்கள்

விழாவுக்குத் தலைமை தாங்கி, எனக்குப் பேச வாய்ப்பும் வழங்கி, சற்று நேரத்தில் அதற்காக வருந்தப்போகும் பெருமதிப்பிற்குரிய ஐயா முத்திருளன் அவர்களே, பாலிடெக்னிக்கில் பாதி மதுரைக்குப் பாடம் சொன்ன பண்பாளரே, வணக்கம். கே.கே. நகர் மாடியறையில் மென்பொருள் நிறுவனம் நடத்தி எனக்கும் சம்பளம் தரும் உரிமையாளர் சௌந்தரராஜன் அவர்களே, வணக்கம். எங்கள் பெட்டியைப் புகழ்வதற்காகப் பேரையூர்ப் பக்கத்திலிருந்து பஸ் ஏறி வந்திருக்கும் ஊராட்சித் தலைவர் உக்கிரபாண்டி அவர்களே, வணக்கம். முன்வரிசைப் பெரியோர்களே, பிள்ளைகள் பரிசு வாங்குவதைப் பார்க்க வந்து என் பேச்சில் சிக்கிக்கொண்ட தாய்மார்களே, உங்கள் அனைவருக்கும் ஸ்ரீலட்சுமியின் வணக்கம்.

இரண்டாயிரத்து ஐந்தாம் ஆண்டில், மதுரையிலேயே மிகச் சிறிய கர்னலைச் செய்தவர்கள் என்று எங்களுக்குப் பரிசு தருகிறீர்கள். கர்னல் என்றால் என்னவென்று முன்வரிசையில் ஒரு அம்மா பக்கத்திலிருப்பவரிடம் கேட்கிறார். கேளுங்கள் அம்மா, கேட்க வேண்டிய கேள்விதான். கம்ப்யூட்டருக்குள் இருந்துகொண்டு, யார் எந்த வேலையைச் செய்ய வேண்டும் என்று பிரித்துக் கொடுக்கிற மென்பொருள் அது. பெரிய கம்ப்யூட்டருக்காக எழுதப்பட்டது. அதைத் தண்ணீர் மோட்டாரைக் கவனிக்கிற ஒரு சின்னப் பெட்டிக்குள் எப்படி வைப்பது? காளவாசலில் தேங்காய் வாங்கி வரக் கல்யாணப் பஸ்ஸையா எடுத்துப் போவது?

ஆகவே, வேண்டியதை வைத்து வேண்டாததை விலக்க ஒரு வழி செய்தோம். நானும் என் உடன் வேலை பார்க்கும் சாய்பிரசாத்தும் கர்னலைப் பாகம் பாகமாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் 'வேண்டும்' அல்லது 'வேண்டாம்' என்று தேர்ந்தெடுக்கும்படி எழுதினோம். பாட்டுக் கேட்கிற பாகம், படம் காட்டுகிற பாகம், எலியைப் பிடிக்கிற பாகம். சிரிக்காதீர்கள், மவுஸைத்தான் சொல்கிறேன். எல்லாம் போயிற்று. அதுவரைக்கும் அருமையான வேலை, அதற்காக இன்றைக்கும் பெருமைப்படுகிறேன்.

ஆனால் அவையோரே, வேண்டாம் என்றால் யாருக்கு வேண்டாம்? எங்கே உட்கார்ந்துகொண்டு வேண்டாம்? யாரைக் கேட்டு வேண்டாம்?

கர்னலில் ஒரு பாகம் உண்டு. ஏதாவது கோளாறு வந்தால், இன்ன இடத்தில் இன்ன பழுது என்று பெட்டியின் முகப்பில் எழுதிக் காட்டுகிற பாகம். கே.கே. நகரில் குளிர்சாதன அறையில், இன்வெர்ட்டர் தயவில், பெட்டியை ஒரு மாதம் ஓட்டிப் பார்த்தோம். கோளாறே வரவில்லை. அந்தப் பாகமும் வாய் திறக்கவில்லை. நம் உரிமையாளர் சொன்னார்: "ஒரு மாசமா ஒரு வார்த்தை பேசல. இதுக்கு எதுக்குய்யா இடம்? தூக்கிருங்க."

சாய்பிரசாத் மன்றாடினான். "சார், அது பேசாம இருக்குன்னா எல்லாம் நல்லா இருக்குன்னு அர்த்தம் சார். அது இருக்கட்டும் சார்." இருக்கவிடவில்லை. இன்னும் சின்னதானால்தானே பரிசு?

அந்த ஊமைப் பெட்டிதான் உக்கிரபாண்டி அவர்களின் ஊருக்குப் போனது. அங்கே மேல்நிலைத் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றி விடுகிறவர் தங்கப்பொண்ணு. கிணற்றில் தண்ணீர் வற்றினால் பெட்டி தானாக மோட்டாரை நிறுத்த வேண்டும். ஒரு நாள் நிறுத்தவில்லை. மோட்டார் வெறுமனே ஓடி, கருகி, ஊருக்கே தண்ணீர் நின்றது. பெட்டியின் முகப்பில் ஒரு எழுத்துக்கூட இல்லை.

எங்கள் நிறுவனத்திலிருந்து போனவர் பெட்டியைத் தட்டிப் பார்த்துத் தீர்ப்பு எழுதினார்: பெட்டியில் பழுது இல்லை, ஆபரேட்டர் பெட்டியை விட்டுவிட்டு மோட்டாருக்கு டைரக்டாகக் கரண்ட் கொடுத்திருக்கிறார். அவ்வளவுதான். தங்கப்பொண்ணுவை வேலையை விட்டு நிறுத்தினார்கள். வெயில் காய்கிற அந்தக் கரிசல் பூமியில், ஊர்த் தண்ணீரைக் கெடுத்தவள் என்று பெயர் வாங்குவது என்னவென்று தாய்மார்களுக்குத் தெரியும்.

நான் அவரைப் போய்ப் பார்த்தேன். "நான் டைரக்டாப் போடல மேடம். எம்புட்டோ சொல்லிட்டேன், ஒருத்தரும் நம்பல. நான் குழாயடிக்குப் போனா, குடத்தை எடுத்துக்கிட்டு அங்கிட்டுத் திரும்பிக்கிறாக. வேலை போனாப் போகுது மேடம், எம் பேரைத் திருப்பிக் குடுக்கச் சொல்லுங்க" என்றார்.

கழற்றிய பாகத்தைத் திரும்பச் சேர்த்து, அதே பெட்டியை, அதே கிணற்றில், மாற்றிப் போட்ட மோட்டாரோடு, சாயங்காலம் வோல்டேஜ் தாழ்கிற நேரத்தில் சாய்பிரசாத்தும் நானும் ஓட்டினோம். பெட்டி பேசியது. வோல்டேஜ் குறைந்ததும், தண்ணீர் மட்டத்தைப் பார்க்கிற சென்சார் பதில் தரவில்லை, அதனால் மோட்டாரை நிறுத்த முடியவில்லை என்று எழுதிக் காட்டியது. பிழை எங்களுடையது. முழுக்க முழுக்க எங்களுடையது.

உரிமையாளரிடம் சொன்னேன். "விழா முடியட்டும்மா. ஒரு பொம்பளைக்காகக் கம்பெனி பேரைக் கெடுக்கச் சொல்றியா?" என்றார்.

விழாத் தலைவர் ஐயா துண்டுச் சீட்டு அனுப்புகிறார். சுருக்கமாகப் பேச வேண்டுமாம். சுருக்கிச் சுருக்கி வந்த வினையைத்தானே ஐயா பேசிக்கொண்டிருக்கிறேன்? இன்னும் கொஞ்சம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேட்கிறேன். பாட்டு வேண்டாம் என்றோம், சரி. படம் வேண்டாம் என்றோம், சரி. உண்மை சொல்கிற பாகம் வேண்டாம் என்று சொல்ல நாம் யார்? பெட்டி வாய் திறக்காதபோது, வாய் திறந்து கதறிய மனுஷியை நம்பாமல் விட்டோமே, அது எந்த ஊர் நியாயம்?

உக்கிரபாண்டி அண்ணே, உங்களிடம்தான் கேட்கிறேன். தங்கப்பொண்ணுவைத் திரும்ப வேலைக்குக் கூப்பிடுவீர்களா? உரிமையாளர் முகத்தைப் பார்க்காதீர்கள் அண்ணே, என்னைப் பார்த்துச் சொல்லுங்கள். என்ன சொல்கிறீர்கள்? "பார்க்கலாம்மா" என்கிறார். பின்வரிசைக்குக் கேட்டதா? பார்க்கலாமாம். பழி சுமத்தும்போது ஒருவரும் பார்க்கலாம் என்று சொல்லவில்லை.

சரி அண்ணே, நாளைக் காலையிலேயே பார்க்கலாம். முதல் பஸ்ஸில் அந்தப் பெட்டியோடு உங்கள் ஊருக்கு வருகிறேன். அவரைப் பார்த்து முகம் திருப்பிய அதே குழாயடியில், அத்தனை பேர் முன்னாலும், பழுது எங்கள் பெட்டியில், பழி எங்கள் தலையில், தங்கப்பொண்ணு பொய் சொல்லவில்லை என்று உரக்கச் சொல்லப் போகிறேன். சௌந்தரராஜன் சார், வேலையை விட்டுப் போ என்று சொல்வதானால் சொல்லிவிடுங்கள், எப்படியும் அந்தக் குழாயடிக்குப் போகத்தான் போகிறேன். நீங்களும் கூட வருவதானால் பெரியார் பஸ் நிலையத்தில் நிற்பேன். மைக் இதோ, உங்கள் பக்கம் திருப்பிவிட்டேன்.

மைக்கை என் பக்கமே தள்ளிவிட்டார். இவ்வளவு நேரம் என் கசப்பைப் பொறுத்துக்கொண்ட பெரியோர்களுக்கும் தாய்மார்களுக்கும் நன்றி. நாளை குழாயடியில் சந்திக்க விரும்புகிறவர்கள் சந்திக்கலாம். வணக்கம்.