கல்லீரல் படம் இரண்டாம் முறை எடுக்கப்பட்ட காரணம்

இந்த விவகாரம் காவல் நிலையம் வரை வரும் என்று நான் அன்றே சொன்னேன் என்பதை முதலில் எழுதச் சொன்னேன். பெயரும் வயதும்தான் முதலில் என்றார்கள் வாக்குமூலம் எழுதும் போலீஸ்காரர்கள். என்னை எல்லோரும் ஸ்பேனர் மாமா என்பார்கள். வயது ஐம்பத்தெட்டு. படிப்பு எட்டாம் வகுப்பு, அதிலும் பாதி. மருத்துவமனைக்குப் பின்தெருவில் பம்பு பழுதுபார்க்கும் பட்டறை வைத்திருக்கிறேன்.

என் அக்காவின் கணவருக்கு, அதாவது அத்தானுக்கு, கல்லீரலில் எலுமிச்சை அளவு புற்றுக்கட்டி. முகத்தைப் பார்த்தே ஆறு மாதம் முன்பு நான் கண்டுபிடித்துவிட்டேன். கட்டி தன் எல்லைக்குள் நிற்கிறதா, பக்கத்து நுண்ணிய ரத்தக் குழாய்களுக்குள் நுழைந்துவிட்டதா என்று பார்த்துத்தான் எவ்வளவு வெட்டுவது என முடிவு செய்வார்களாம். அதற்காக எம்.ஆர்.ஐ. எடுக்கப் போனோம். அத்தான் பயந்ததால், வாட்ச், பெல்ட், சாவிக்கொத்து எல்லாம் கழற்றி வாங்கிக்கொண்டு என்னையும் உள்ளே விட்டார்கள். பாதிப் படத்தில் கரன்ட் குதித்து மெஷின் உதறியது.

அதன் பிறகு அந்தப் படத்தைக் கணக்கிட்ட கம்ப்யூட்டர், குழாய்க்குள் நுழைந்திருக்க வாய்ப்பு குறைவு என்றது. அக்கா அழுதேவிட்டாள். ஸ்கேன் டாக்டரம்மா மட்டும் கையெழுத்துப் போடவில்லை.

"படம் அசைஞ்சிருக்கு. கட்டியோட ஓரமெல்லாம் மழுங்கிப்போச்சு. நாளைக்கு மறுபடி எடுக்கணும்."

"நல்ல சேதி வந்திருக்கேம்மா, அதைப் போய்க் கெடுக்கிறீங்களே!" என்றார் அத்தானின் அண்ணன்.

"நல்ல சேதின்னா நாளைக்கும் நல்ல சேதியாத்தானே இருக்கும், பெரியவரே?"

மறுநாள் எடுத்த படம் கல்லீரலைத் தகடு தகடாக நறுக்கியதுபோல் வந்தது; ஒவ்வொரு தகட்டிலும் கட்டியின் ஓரத்தை டாக்டரம்மா மவுசால் வரைந்தார். கண்ணாடி வழியே எண்ணினேன், நாற்பத்தேழு தகடு. டீ ஆறி ஆடை கட்டியது, அவர் தொடவில்லை. தேய்ந்த வாஷரைத் தடவிப் பார்த்தே சொல்கிற கை என்னுடையது; டாக்டரம்மா கைக்கு முன் அது நிற்காது. வேறு யாரைப் பற்றியும் நான் இப்படிச் சொன்னதில்லை. ஓரிடத்தில் ஓரம் பிசிறடித்திருந்தது. இம்முறை கம்ப்யூட்டர், வாய்ப்பு அதிகம் என்றது. அறுவை மருத்துவர் அகலமாக வெட்டினார். வெட்டிய துண்டை லேபில் பார்த்தபோது, டாக்டரம்மா குறித்த அதே பக்கம் நுண்குழாய்க்குள் புற்று இருந்தது. அத்தான் இப்போது அக்காவிடம் திட்டு வாங்கும் அளவுக்குத் தேறிவிட்டார்.

லேப் முடிவு வருமுன்பே, நல்ல ரிப்போர்ட்டை மறைத்துப் பெரிய அறுவைக்காகக் கெட்டதைத் தயாரித்ததாக அத்தானின் அண்ணன் புகார் கொடுத்தார். மருத்துவமனைப் பதிவேட்டில் அன்று கரன்ட் குதித்ததாக இல்லை என்பதுதான் அவர் சந்தேகம். முடிவு வந்தும் அவர் விடவில்லை. டாக்டரம்மாவை வேலைக்கு வர வேண்டாம் என்று நிறுத்தி ஒன்பது நாள் ஆகிறது.

இதுவரை எழுதியதை எனக்குப் படித்துக் காட்டினார்கள். கரன்ட் குதித்த வரி வந்ததும் நிறுத்தி, அதை அடித்துவிடக் கேட்டேன். அடிக்கக் கூடாது, கீழே சேர்க்கலாம் என்றார்கள். சேர்க்கிறேன். கரன்ட் குதிக்கவில்லை. அது நான் கட்டிவிட்ட கதை. அத்தானின் அண்ணனிடமும் அந்தக் கதையை நானே சொன்னேன். படம் அசையாமலிருக்க மூச்சைப் பிடிக்கச் சொல்வதற்குச் சற்று முன், மெஷின் சத்தம் நின்ற இடைவெளியில் அத்தானிடம், "அக்கா பேசும்போது முப்பது வருஷமா மூச்சு விடாமத்தானே இருக்கீங்க, இதென்ன பெரிய விஷயம்?" என்றேன். அத்தான் மூச்சைப் பிடித்தார், சிரிப்பைப் பிடிக்க முடியவில்லை. வயிறு குலுங்கிப் படம் கெட்டது. கண்ணாடிக்கு அப்பால் டாக்டரம்மா அதைப் பார்த்தார். 'நோயாளி அசைவு' என்று மட்டும் எழுதினார். இந்த ஒன்பது நாளில் என்னை யாரிடமும் காட்டிக்கொடுக்கவில்லை.

அந்த ஒரு வரி தவிர மற்றதெல்லாம் நடந்தது நடந்தபடி. நாற்பத்தேழு என்பது குத்துமதிப்பு.

(ஒப்பம்) ஸ்பேனர் மாமா