மரப்பட்டையும் மாவும்

பைன் மரப்பட்டையை அரைக்கும்போது வரும் வாசனை எல்லோருக்கும் பிடிப்பதில்லை, மேடம். என் மனைவி உமாராணி என் சட்டைகளைத் தனியாகத்தான் துவைப்பாள். எனக்கு அந்த வாசனை பிடிக்கும். கொஞ்சம் பிசின், கொஞ்சம் துவர்ப்பு. கோவில்பட்டி வெயிலில் ஆய்வுக்கூடக் கதவைத் திறந்ததும் அது முகத்தில் அடித்தால் அன்றைக்கு நல்ல நாள் என்று நினைத்துக்கொள்வேன்.

என் ஆய்வு உதவியாளர் ஷைலா இந்த ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்த புகாரைப் படித்துக் காட்டினீர்கள். அதில் மறுக்க எனக்கு ஒன்றுமில்லை. ஏன் செய்தேன் என்பது மட்டும் அதில் இல்லை. அது அவளுக்குப் புரியாது.

பைன் பட்டைச் சாற்றை வெளிநாட்டில் சத்து மாத்திரையாக விற்கிறார்கள். ரத்த ஓட்டத்துக்கு நல்லது, கால் வீக்கத்துக்கு நல்லது என்கிறார்கள். கொடைக்கானல் பக்கம் நம்மிடமும் பைன் இருக்கிறது. காற்றில் சாய்ந்த மரங்களின் பட்டை யாருக்கும் வேண்டாமல் கிடக்கும். அதை அனுமதி வாங்கிக் கொண்டுவந்து, சாறெடுத்து, உலர்த்தி, நானே முதலில் சாப்பிட்டேன். நாள் முழுக்க நின்று பாடம் எடுப்பவன் நான். மாலையில் செருப்பு இறுகாமல் வீடு திரும்பியது எனக்கு ஞாபகம் இருக்கிறது. அது வேலை செய்யும் என்பதில் அதற்குப் பிறகு எனக்குச் சந்தேகமே வந்ததில்லை.

மற்றவர்களுக்குத்தான் சந்தேகம். உதவித்தொகை கேட்டுச் சென்னைக்குப் போனேன். குழுவில் இருந்த ஒருவர் என் ஊரைக் கேட்டுவிட்டுச் சிரித்தார். "கோவில்பட்டியா? அப்ப கடலைமிட்டாய்ல கலந்து குடுத்துடுங்க சார், நல்லா போகும்" என்றார். மற்றவர்களும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆய்விதழ்கள் கட்டுரையைத் திருப்பி அனுப்பின. எலிகளிடம் சோதித்தது போதாது, மனிதர்களிடம் சோதித்தீர்களா என்று கேட்டன. என்னிடம் படித்தவர்கள் பெரிய மருந்துக் கம்பெனிகளில் உட்கார்ந்திருந்தார்கள். நான் போன் செய்தால், "இன்னும் அந்தப் பட்டைதானா சார்?" என்பார்கள்.

அதனால் மனிதர்களிடம் போனேன்.

கழுகுமலையில் தீப்பெட்டி ஆபீஸ்கள் உண்டு. பெண்கள் காலை மடக்கி உட்கார்ந்து நாளெல்லாம் பெட்டிகளில் குச்சி அடைப்பார்கள். சாயங்காலம் பார்த்தால் பாதி பேருக்குக் கணுக்கால் வீங்கியிருக்கும். அவர்களில் விருப்பப்பட்டவர்களைச் சேர்த்தோம். கல்லூரியின் நெறிமுறைக் குழு கையெழுத்துப் போட்டது. பாதிப்பேருக்கு மரப்பட்டைச் சாறு, பாதிப்பேருக்கு வெறும் மாவு. இரண்டும் ஒரே நிற கேப்சூல். யாருக்கு எது என்பது கேப்சூல் போடுகிறவர்களுக்கும் தெரியாது, காலை அளக்கிற ஷைலாவுக்கும் தெரியாது. எனக்கும் தெரிந்திருக்கக் கூடாது. அந்த விவரம் கல்லூரி முதல்வரிடம் இருக்க வேண்டும். அவர், "நீங்களே வச்சுக்கிடுங்க வேல்ராஜ், நான் எங்கனயாவது போட்டுட்டுத் தேடுவேன்" என்று சொல்லிவிட்டார். அவரை நான் குறை சொல்லவில்லை.

ஷைலா நர்சிங் படித்த பெண். ஆய்வு உதவியாளராக நான்தான் தேர்ந்தெடுத்தேன். பொறுமையாகப் பேசுவாள், அளவு நாடாவைச் சரியாகப் பிடிப்பாள். சில வாரங்களில் அவள் சந்தோஷமாக வந்தாள்.

"சார், எல்லாத்துக்கும் நல்லா கேக்குது சார். வீக்கம் வத்திருச்சு."

நான் அளவுகளைக் குழுவாரியாகப் பிரித்துப் பார்த்தேன். மரப்பட்டைக்காரர்களுக்கு வீக்கம் குறைந்திருந்தது. மாவு தின்றவர்களுக்கும் அதே அளவு குறைந்திருந்தது.

காரணம் பிறகு தெரிந்தது. காலை அளக்கும்போதே ஷைலா அவர்களிடம், இடையிடையே எழுந்து நடங்கள், படுக்கும்போது தலையணையைக் காலுக்கு வையுங்கள், ஊறுகாயைக் குறையுங்கள் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அப்படியெல்லாம் சொல்லாதே என்றேன்.

"கால் வீங்கிக் கெடக்கவியகிட்ட அதச் சொல்லுறது தப்பா சார்?"

"தப்பில்ல ஷைலா. ஆனா ஆராய்ச்சி கெட்டுப்போகும்."

அவள் என்னைப் பார்த்த பார்வை புரியாதவளின் பார்வை. அதற்கு மேல் சொல்வதை அவள் நிறுத்திவிட்டாள். ஆனால் அந்தப் பெண்கள் நடப்பதை நிறுத்தவில்லை. ஒருத்தியைப் பார்த்து ஒருத்தி நடந்தாள். நான் போகிற நாட்களில் கைகூப்பி, "உங்க புண்ணியத்துல கால் லேசாயிருச்சு சார்" என்றார்கள். மாவு தின்றவர்கள் அதைச் சொன்னபோது எனக்கு வந்த எரிச்சலை உங்களுக்கு விளக்குவது கஷ்டம். நான் வருடக்கணக்கில் உழைத்த ஒன்றை, ஒன்றும் செய்யாமல் அவர்கள் அழித்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் தின்ற மாவில் குணமாக எந்தக் காரணமும் இல்லை. குணமாகிக்கொண்டிருந்தார்கள்.

மரப்பட்டைக் குழுவை இதற்கு மேல் நல்லதாக்க என்னால் முடியாது. வித்தியாசம் தெரிய வேண்டுமென்றால் மற்ற குழுதான் மாற வேண்டும். இதில் நான் கோபப்படவில்லை, மேடம். உட்கார்ந்து நிதானமாக யோசித்தேன்.

பிரஷருக்குக் கொடுக்கிற மாத்திரைகளில் ஒன்று இருக்கிறது. நல்ல மாத்திரை, ஊரில் பாதிப்பேர் சாப்பிடுகிறார்கள். சிலருக்கு அதன் பக்கவிளைவாகக் கணுக்கால் வீங்கும். எந்த மருந்துக்கடைக்காரருக்கும் இது தெரியும். பிரஷர் இல்லாதவர்களுக்குக் கொடுத்தால் ரத்த அழுத்தம் தேவைக்கு மேல் இறங்கும். அதுவும் எனக்குத் தெரியும். அதைப் பொடித்து மாவில் கலந்தேன். கேப்சூல்களை நானே நிரப்பினேன். வேறு யாருக்கும் இதில் பங்கில்லை.

அடுத்த அளவீட்டில் வித்தியாசம் வந்தது. அதற்கடுத்ததில் இன்னும் தெளிவாக வந்தது. அந்த வரைபடத்தைக் கணினியில் பார்த்துக்கொண்டு எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேன் என்று தெரியாது. அன்று உமாராணியை வெளியே சாப்பிடக் கூட்டிப்போனேன். என்ன விசேஷம் என்று கேட்டாள். ஒரு வழியாக எல்லாம் சரியாக வருகிறது என்றேன்.

மதலேனம்மாள் மாவுக் குழுவில் இருந்தார். ஐம்பதைத் தாண்டியவர், கணவர் இல்லை, மகள் ஜெயப்பிரியா திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை. அளக்கிற நாளில் முதல் ஆளாக வந்து நிற்பார். மற்றவர்களைச் சத்தம் போட்டு வரிசையில் உட்கார வைப்பார். ஷைலாவுக்கு வீட்டிலிருந்து சீனிக்கிழங்கு அவித்துக் கொண்டுவருவார். எனக்கும் கொடுத்திருக்கிறார். நன்றாக இருந்தது.

அவருடைய கால்தான் எல்லோரையும்விட அதிகம் வீங்கியது. என் வரைபடத்துக்கு அவரைப் போல உதவியவர் யாருமில்லை.

ஒரு நாள் அவர் என்னிடம் தனியாக வந்தார்.

"சார், உக்காந்து எந்திரிச்சா கிறுகிறுன்னு வருது. கண்ணு இருட்டுது."

"வெயில்ம்மா. மோர் நிறையக் குடிங்க."

"எம் மக போன்ல சத்தம் போடுதா சார். அந்த மருந்த நிறுத்திரும்மாங்கா. நிறுத்திரட்டுமா?"

அவர் கேட்டது நியாயமான கேள்வி. நிறுத்திவிடுங்கள் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஆனால் அவர் போனால் அவருடைய அளவுகளும் போகும். அவரைப் பார்த்து மற்றவர்களும் போவார்கள். அதை யோசித்துத்தான் பதில் சொன்னேன்.

"உங்க இஷ்டம்மா. ஆனா நீங்க பாதியில விட்டுட்டா இந்த மருந்து வெளிய வராமலே போயிரும். உங்கள மாதிரி எத்தனையோ பேருக்குக் கிடைக்காது."

அவர் காலைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"அப்பம் போட்டுக்கிடுதேன் சார். எனக்குக் கேக்கலன்னாலும் மத்தவியளுக்குக் கேக்கட்டும்."

அவருக்கான அடுத்த கேப்சூல்களில் அளவைக் குறைக்கலாமா என்று நினைத்தேன். குறைக்கவில்லை.

மதலேனம்மாள் வீட்டு வாசலில் பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்தவர், தண்ணீர் வண்டிச் சத்தம் கேட்டுச் சட்டென்று எழுந்தார். எழுந்தவர் அப்படியே சாய்ந்தார். சிமெண்ட் படியில் தலை அடித்தது. திருநெல்வேலிக்குக் கொண்டுபோகிற வழியில் உயிர் போய்விட்டது. கால் இடறி விழுந்துவிட்டார் என்று எல்லோரும் பேசிக்கொண்டார்கள். ஆய்வுப் பதிவில் நானும் அப்படித்தான் எழுதினேன். ஆய்வுக்குத் தொடர்பில்லாத மரணம்.

அடக்கத்துக்குப் போனேன். போகாவிட்டால் நன்றாக இருக்காது. ஜெயப்பிரியா அழுது ஓய்ந்திருந்தாள். என்னைக் கண்டதும் உள்ளே போய் ஒரு டப்பாவைக் கொண்டுவந்தாள்.

"மிச்ச மாத்திர சார். அம்மா ஒரு நாள் கூட விடாமப் போட்டிருக்காவ. வீணாப் போக வேண்டாம், வேற யாருக்காவது குடுங்க."

நான் வாங்கிக்கொண்டேன். கல்லூரிக்கு வந்து தண்ணீரில் கரைத்து ஊற்றினேன்.

ஜெயப்பிரியா கொடுத்த டப்பாவுக்கு வெளியேயும் சில இருந்தன என்பது அப்போது எனக்குத் தெரியாது. கிறுகிறுப்பு வருகிறது என்று மதலேனம்மாள் ஷைலாவிடமும் சொல்லியிருக்கிறார். ஷைலா அவருக்கு ரத்த அழுத்தம் பார்த்திருக்கிறாள். மிகவும் இறங்கியிருந்ததாம். சந்தேகப்பட்டு அவரிடமிருந்து சில கேப்சூல்களை வாங்கி வைத்திருந்தாள். என்னிடம் கேட்க அவளுக்குத் தயக்கம். ஆசிரியரைச் சந்தேகப்படுகிறோமே என்று நாளைக் கடத்தியிருக்கிறாள். அடக்கத்துக்குப் பிறகுதான் அவற்றை மதுரைக்கு அனுப்பிச் சோதித்திருக்கிறாள்.

சோதனை முடிவோடு ஆய்வுக்கூடத்துக்கு வந்தாள். நான் அரைத்துக்கொண்டிருந்தேன். இயந்திரத்தை அவளே நிறுத்தினாள்.

"மாவுல என்ன சார் கலந்தீங்க?"

மறைக்கவில்லை. அவளை உட்காரச் சொல்லிக் கணினியில் வரைபடத்தைக் காட்டினேன். இரண்டு கோடுகளும் எங்கே பிரிகின்றன என்று விளக்கினேன். அவள் திரையைப் பார்க்கவே இல்லை.

"எங்கையாலதான சார் அவியளுக்குக் குடுத்தேன். கால் வீங்குது வீங்குதுன்னு அவிய சொல்லச் சொல்ல, நான் அளந்து எழுதிக்கிட்டே இருந்திருக்கேன்."

"உன் மேல எந்தத் தப்பும் இல்ல ஷைலா. நீ சரியாத்தான் அளந்த."

அவள் அழுதாள். பிறகு எழுந்து நேராக உங்களிடம் வந்துவிட்டாள். அவளுக்குச் சமாதானமாக இருக்கட்டும் என்றுதான் அப்படிச் சொன்னேன். அது ஏன் அவளை அவ்வளவு பாதித்தது என்று இப்போதும் எனக்குப் புரியவில்லை.

அந்த வரைபடத்தோடு எழுதி அனுப்பியிருந்த கட்டுரையை ஏற்றுக்கொள்வதாக நேற்று ஓர் ஆய்விதழிலிருந்து தகவல் வந்தது. நீங்கள் என் போனை வாங்கி வைத்திருப்பதால் பதில் அனுப்ப முடியவில்லை. இத்தனை வருடம் கழித்து வந்த பதில், மேடம்.

எழுதிக்கொள்ளுங்கள். வேல்ராஜ் ஆகிய நான், அந்தப் பெண்கள் சாப்பிட்ட மாவில் அவர்களுக்குத் தெரியாமல் மருந்து கலந்தேன். கால் வீங்க வேண்டும் என்பதற்காகவே கலந்தேன். மதலேனம்மாளுக்கு என்ன நடக்கிறது என்று தெரிந்தும் தொடர்ந்து கொடுத்தேன். அவர் அதனால்தான் இறந்தார். எங்கே கையெழுத்துப் போட வேண்டுமோ போடுகிறேன்.

ஒன்றை மட்டும் விட்டுவிடாமல் சேர்த்துக்கொள்ளுங்கள். மரப்பட்டை சாப்பிட்டவர்களில் ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. மதலேனம்மாள் அந்தக் குழுவில் இருந்திருந்தால் இன்றைக்கு உயிரோடு இருந்திருப்பார். இத்தனை காலம் நான் நிரூபிக்கப் பாடுபட்டது அதைத்தான்.