பப்பாளி மரத்தடியில் நட்டது

— அரிசி டின்னுலயும் இல்ல புனிதா. பாஸ்போட்டுக்குக் காலா இருக்கு, எழுந்து நடந்து போறதுக்கு?

— நல்லா தேடுங்க. எதையும் எடுத்த எடத்துல வைக்கிற ஆளா நீங்க?

— அர்ச்சுனன் வாசல்ல காடியோட நிக்கிறான். இன்னைக்குள்ள சிங்கப்பூர் போய்ச் சேரலன்னா அந்த வேலைய வேற ஆளுக்குக் குடுத்துருவாங்க லா. இங்க ஃபேக்டரி மூடுனதுலேர்ந்து வந்த ஒரே வேலை.

— தெரியுது. போங்க போங்கன்னு உங்களக் கெளப்புனதே நான்தானே.

— என் ஸ்லிப்பர் வேற ஒத்தக் காலுக்குத்தான் இருக்கு. டீவி ரிமோட்டையும் காணோம்.

— ரிமோட்டு கறிவேப்பிலச் செடிக்குப் பக்கத்துல. ஸ்லிப்பர் அதுக்கு அந்தாண்ட.

— அங்க எதுக்கு?

— உங்க மக நட்டு வச்சிருக்கா.

— நட்டு வச்சிருக்காளா?

— பாடம் லா. அடுத்த வருசம் ஸ்கூலுக்குப் போற வரைக்கும் வீட்டுலதானே சொல்லிக் குடுக்கறேன். வசந்த காலத்துல சின்னப் பிள்ளைங்க தோட்டத்துல என்னென்ன செய்யலாம்னு ஒரு வெள்ளக்காரம்மா வீடியோவுல சொல்லுது.

— நம்ம லகாட் ஊருல ஏது வசந்த காலம்? போன வாரம் வாசல்ல ஆயிஸ் கட்டியக் கொட்டி, பிள்ளைக்கு ஜாக்கெட் மாட்டி ஒக்கார வச்சியே, அதுவும் பாடமா?

— பனி உருகுற பாடம். ஏன், பின்னாடி பழைய எஸ்டேட்டு ரப்பர் மரமெல்லாம் எலையக் கொட்டிட்டு இப்ப தளிர் விட்டு நிக்கல? அதுவும் வசந்தந்தான்.

— மரம் தளிர் விடட்டும். ஸ்லிப்பர் மொளைக்கும்னு எந்த வெள்ளக்காரம்மா சொன்னா?

— நீங்கதான் சொன்னீங்க. அவ நட்ட பச்சப்பயறக் கோழி தின்னுருச்சு, பிள்ள அழுவுதுன்னு பாசார் மாலாம் ராத்திரிச் சந்தையில மொளை விட்ட தௌகே பயறு வாங்கியாந்து, மண்ணுல வரிசையா சொருகி வச்சது யாரு?

— பாவமா இருந்துச்சு லா.

— மறுநா ஒரு மிட்டாயப் பொதைச்சா. விடிஞ்சு பாத்தா குச்சி மிட்டாயா மொளைச்சு நிக்குது, கலர் கலரா. அதுவும் பாவமாத்தான் இருந்துச்சா? இப்ப எதப் பொதைச்சாலும் வரும்னு நம்புறா.

— சரி சரி. தினேஸு மகளே, இங்க வாம்மா. அப்பா பாஸ்போட்டப் பாத்தியா? செவப்பு அட்ட போட்டிருக்கும்.

— பப்பாளி மரத்துக்கிட்ட இருக்கு பா. இன்னும் மொளைக்கல.

— மச்சான், என்னடா இவ்ளோ நேரம்? ஹைவே ஜாம் ஆயிரும் லா.

— அர்ச்சுனா, பாஸ்போட்டப் பிள்ள நட்டு வச்சிருச்சு.

— நட்டா வருமா? தினேஸு, அப்ப மாமா பல்லு ஒண்ணு தாரேன், நட்டுப் பாக்குறியா? முன்னாடி ரெண்டு எடம் காலியாத்தான் இருக்கு.

— அது சொத்தப் பல்லு மாமா. நல்ல வெதைதான் மொளைக்கும்.

— டேய், நீ வேற. அந்த மண்வெட்டிய, சங்குல எடுத்துக் குடு, தோண்டணும். ஏம்மா தினேஸு, அப்பா பாஸ்போட்ட எதுக்கு நட்ட?

— அதுல உங்க படம் இருக்குல்ல. மொளைச்சா நெறைய அப்பா காய்ப்பாங்க. ஒரு அப்பா சிங்கப்பூருக்குப் போலாம். ஒரு அப்பா வீட்டுல இருக்கலாம். மிச்சத்த பக்கத்து வீட்டு கலாதேவி அக்காவுக்குக் குடுக்கலாம், அவங்களுக்கு அப்பா இல்ல.

— மச்சான், நான் காடியில இருக்கேன். நீ மெதுவா வா.

— புனிதா, நீயாச்சும் ஏதாவது சொல்லேன். ஏன் அந்தப் பக்கம் திரும்பிக்கிட்ட?

— ஒண்ணுமில்ல. தோண்டுங்க.

— இந்தா, வந்துருச்சு. ஐயோ, தாளெல்லாம் கூழாப் போச்சே. மூஞ்சியே தெரியல. இத காட்டுனா எவன் உள்ள விடுவான்? மழையே காணோம், இந்த எடம் மட்டும் சேறா கெடக்கு. இவ்ளோ தண்ணியா ஊத்துவ தினேஸு?

— நான் ஊத்தல பா. எனக்கு வாளி தூக்க முடியாது. அம்மாதான் தெனமும் ஊத்துறாங்க.