மறைப்புப் பட்டியல்

இரவு பதினொன்று நாற்பது. ஆராய்ச்சிக் கூடத்தின் பின்வாசலிலிருந்து ஊழியர் குடியிருப்புக்குப் போகும் சாலை. ஒரு கிலோமீட்டர் தூரத்துக்கு வீடு கிடையாது, கடை கிடையாது. விளக்குக் கம்பங்கள் மட்டும். ஆள் நடந்தால் எரியும், கடந்துபோனால் அணையும்.

அன்றைக்கு வாசல் காவலாளி முதலில் கேட்டது பூட்ஸ் சத்தம். டக்... டக்... டக். யாரோ வேகமாக நடக்கிறார்கள். எட்டிப் பார்த்தார். கும்மிருட்டு. ஒரு விளக்கும் எரியவில்லை. சத்தம் மட்டும் அவரைத் தாண்டிப் போகிறது.

பிறகு முதல் விளக்கு எரிந்தது. அதன் கீழே ஒரு பெண். நீலக் கம்பளிச் சட்டை, தோளில் பை. அவசரமே இல்லாமல் நடந்தாள். அவள் போகப் போக இரண்டாவது விளக்கு... மூன்றாவது... அவளுக்கு முன்னால், வெளிச்சம் எட்டாத இருட்டில், அந்த பூட்ஸ் ஓட ஆரம்பித்தது. அப்போது ஒரு நாற்றம் வந்ததாம். பல நாள் பூட்டிக் கிடந்த அறையைத் திறந்தால் வருமே, அது.

யாரங்கே சிரிப்பது? சிரிக்கிறவர்கள் எழுந்து போய்த் தனியாகப் படுங்கள், பார்ப்போம். இது என் தோழியின் அக்கா வீட்டில் நடந்தது. அக்காவின் கணவரை நாங்கள் எல்லோருமே அத்தான் என்றுதான் கூப்பிடுவோம். வானியல் விஞ்ஞானி. பேசினால் தேன் ஒழுகும். எனக்கு அந்த ஆளை ஆரம்பத்திலிருந்தே பிடிக்காது.

அவர் குழுவின் வேலை கருந்துளை தேடுவது. பிரபஞ்சம் பச்சைக் குழந்தையாக இருந்த காலத்து விண்மீன் திரள்கள்... அவற்றின் நடுவில் அப்போதுதான் வளர்கிற கருந்துளைகள். கருந்துளை கண்ணுக்குத் தெரியாது. அதில் போய் விழுகிற வாயுதான் கொதித்து மினுங்கும், ஒரு சமயம் கூட, ஒரு சமயம் குறைய. அதனால் வானத்தின் ஒரே இடத்தைச் சில வருட இடைவெளியில் இரண்டு முறை படம் எடுத்து, ஒன்றிலிருந்து ஒன்றைக் கழிப்பார்கள். மாறாததெல்லாம் காணாமல் போகும். மினுங்கியது மட்டும் மங்கலான புள்ளியாக மிஞ்சும்.

இதில் ஒரு தொல்லை. தொலைநோக்கியின் கேமராவில் கீறல் இருக்கும், செத்துப்போன இடங்கள் இருக்கும். அவையும் புள்ளி காட்டி ஏமாற்றும். அவற்றையெல்லாம் ஒரு பட்டியலில் எழுதிவைப்பார்கள். மறைப்புப் பட்டியல். அதில் ஏறிவிட்டால் போதும், கணினி அந்த இடத்தைத் திரும்பியும் பார்க்காது.

குழுவில் ஒரு பெண் இருந்தாள். கழுகு என்பார்கள், அப்படிப்பட்ட கண். மூன்று வருடத்தில் முப்பத்தொரு புள்ளிகளைப் பிடித்தாள். அத்தான் உதட்டைப் பிதுக்கினார்.

"இதெல்லாம் கேமரா அழுக்கும்மா. பட்டியல்ல போட்டு மூடு."

"எல்லாமே திரளோட நட்ட நடுவுல இருக்கு சார். அழுக்கு எப்படி சார் இடம் பாத்து உக்காரும்?"

"நான் சொல்றேன்ல?"

தன் கையாலேயே முப்பத்தொன்றையும் மறைத்தாள். காட்டுவதற்கு ஒன்றும் இல்லாததால் வேலை போயிற்று. வாடகை அறையில் காய்ச்சலாகக் கிடந்தாள். அத்தானுக்கு நாலைந்து முறை போன் செய்தாள், அவர் எடுக்கவில்லை. செத்து மூன்று நாள் கழித்துத்தான் வீட்டுக்காரர் கதவை உடைத்தார்.

நான்கு மாதம் போனது. அத்தான் சத்தமில்லாமல் அந்த முப்பத்தொரு வரிகளையும் பட்டியலிலிருந்து நீக்கினார். புதுப் படத்தோடு ஒப்பிட்டார். அத்தனையும் உண்மை. அவருக்கு அது முன்பே தெரியும் என்றுதான் நான் சொல்வேன். கட்டுரையில் அவர் பெயர் மட்டும். நன்றி சொல்கிற இடத்தில்கூட அவள் இல்லை. படுபாவி.

கட்டுரை வெளியான மறுநாள் காலை பட்டியலின் கடைசியில் ஒரு புது வரி இருந்தது. இடம் என்ற கட்டத்தில் படத்தின் இடம் காட்டும் எண் இல்லை, அத்தானுடைய ஊழியர் எண். காரணம் என்ற கட்டத்தில், கேமரா அழுக்கு. எழுதியவர் என்ற கட்டத்தில், அவள்.

கணினி அறைப் பொறுப்பாளரிடம் ஓடினார்.

"அந்தப் பொண்ணோட பாஸ்வேர்ட நான்தான சார் ரத்து பண்ணேன்? செத்தவங்க எப்படி சார் உள்ள வருவாங்க?"

அத்தான் வரியை அழித்தார். மறுநாள் மறுபடியும் இருந்தது. அழித்தார். இருந்தது.

கை நீட்டினால் தண்ணீர் வரும் குழாயில் அவருக்கு மட்டும் வரவில்லை. தானாகத் திறக்கும் கதவு திறக்காமல் மூக்கை இடித்துக்கொண்டார், எல்லோரும் சிரித்தார்கள். வருகைப் பதிவு இயந்திரம் அவர் எதிரே நின்றும் முகத்தைக் காட்டச் சொல்லிக்கொண்டே இருந்தது. அடுத்த வாரம் காபி கொண்டுவருகிறவர் அவர் மேஜையைத் தாண்டிப் போனார். அதற்கு யாரும் சிரிக்கவில்லை... யாரும் கவனிக்கவே இல்லை.

அந்தக் கண்டுபிடிப்பைப் பற்றி அவர் பேசவேண்டிய கூட்டத்துக்கு முந்தின இரவு, அக்காவிடம் எல்லாவற்றையும் கொட்டியிருக்கிறார்.

"நாளைக்கு மேடையில அந்தப் பொண்ணு பேரச் சொல்லிடுங்க. தலையா போயிடும்?"

"சொன்னா அப்புறம் எனக்கு என்ன மிஞ்சும்?"

மறுநாள் மாலை கூட்டம். இருநூறு பேர். ஒன்றரை மணி நேரம் காத்திருந்து, பேச்சாளர் வரவில்லை என்று தலைவர் மன்னிப்புக் கேட்டு அனுப்பிவிட்டார். காலி மேடையைத்தான் எல்லோரும் பார்த்தார்கள். ஆனால் ஒலிப்பதிவு இருக்கிறது. அதில் அத்தான் நாற்பது நிமிடம் அழகாகப் பேசுகிறார். பிறகு குரல் உடைகிறது. "இங்கதான நிக்கிறேன்! என்னப் பாருங்க! கண்டுபிடிச்சது நான்... நான்தான்..." கடைசிவரை அவள் பெயர் வரவில்லை. பெஞ்சுகள் நகரும் சத்தம். ஒவ்வொருவராக வெளியே போகும் காலடி.

அன்றிரவுதான் காவலாளி அந்த பூட்ஸ் சத்தத்தைக் கேட்டது.

நள்ளிரவில் அக்கா வீட்டு மணி அடித்தது. ஒரு தடவை இல்லை, விடாமல். மீதியை அக்கா என் தோழியிடம் சொன்னபடியே சொல்கிறேன்.

"தொறந்தேன். வாசல்ல ஒரு பொண்ணு, நீலச் சட்டை. வேற யாரும் இல்ல. 'சார் இருக்காரா?'ன்னா. 'இன்னும் வரலம்மா, உள்ள வந்து உக்காரு'ன்னேன். வந்தா. நான் கதவ சாத்தப் போனப்ப... யாரோ வெளியிலேருந்து தள்ற மாதிரி இருந்துச்சுடி. காத்துன்னு நெனச்சேன். தோளக் குடுத்து அழுத்தி தாழ்ப்பாளப் போட்டேன். திரும்பிப் பாத்தா அவளும் இல்ல."

அத்தான் வரவே இல்லை. போலீஸ் தேடிக் கைவிட்டுவிட்டது.

மணி அடித்த இரவுக்கு மறுநாள் காலையே கதவின் வெளிப்பக்கம் நகக் கீறல்கள் இருந்தன, தோள் உயரத்தில். அக்கா வர்ணம் பூசினார். அடுத்த நாள் புதுக் கீறல். தினமும் இருக்கும். ஒரு மாதத்தில் இடுப்பு உயரத்துக்கு இறங்கின. பிறகு முழங்கால் உயரத்துக்கு.

நேற்று தோழியிடம் கேட்டேன். இப்போது கதவுக்கும் வாசற்படிக்கும் நடுவே இருக்கும் இடுக்கில்... ஒரு விரல் நுழைந்து நுழைந்து மரம் தேய்ந்திருக்கிறதாம். உள்பக்கம் வரை.