வாய்க்குள்ளே ஒரு சண்டை

டயகம பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் பெண்கள் இருவர். இளையவள் ஆரம்பித்தாள்.

“என் வாய்க்குள்ள சண்டை நடந்துச்சாம் அக்கா. பல் டாக்டர் சொன்னாரு.”

“யாரோடடி?”

“நம்ம லயத்து வீட்டுச் சாக்கடைக் கான்ல பாசி புடிக்கிற மாதிரி பல்லுல கிருமி ஒட்டியிருந்துச்சாம். ஈறு அதோட மல்லுக்கட்டித்தான் வீங்கி ரத்தம் வந்துச்சாம். நான் ரத்தத்தப் பாத்துப் பயந்து பல்லு வெளக்குறதையே விட்டுட்டேன்!”

“அடிப்பாவி! கிருமிக்குல்ல கொண்டாட்டம்!”

“இப்ப தெனம் வெளக்குறேன், ரத்தம் நின்னுருச்சு. நாளைக்குத் தங்கச்சி கல்யாணப் போட்டோவுல வாயத் தொறந்து சிரிப்பேன்.”

“எங்க, இப்பச் சிரி.”

சிரித்தாள். அக்காவும் சிரித்தாள், வாயெல்லாம் சிவப்பு.

“அக்கா, ஒங்களுக்கும் சண்டையா?”

“போடி, இது வெத்தில!” என்றவள் கொஞ்சம் யோசித்தாள். “ரத்தம் வந்தாலும் இந்தச் செவப்புல தெரியாதே. நாளைக்கு வெத்தில போடாமத்தான் பாக்கணும்.”

பஸ்ஸே சிரித்தது.